ஜிமிக்கியின் நிறம்

செடி வளர்க்கிற மீன் தொட்டியில் மீன்கள் வெறும் விருந்தாளிகள், டாக்டர். செடிதான் வீட்டுக்காரர். இது தெரியாமல் பலபேர் முதலில் மீனை வாங்கி, பிறகு அதற்கு ஒரு தொட்டி வாங்கி, கடைசியில் அழகுக்காக இரண்டு செடியைச் செருகிவிட்டு, ஒரு மாதத்தில் மொத்தத்தையும் குப்பையில் கொட்டுவார்கள். என் மனைவி ரஞ்சிதம் அப்படியில்லை. முதலில் மண் வாங்கினாள். அப்புறம் செடி. செடி வேர் பிடித்த பிறகுதான் மீன் பக்கமே திரும்பினாள்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். அவளுக்கு இந்த மறதியும் தடுமாற்றமும் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். அவள் வெளியே தங்கை சங்கவியோடு உட்கார்ந்திருக்கிறாள், அவசரம் ஒன்றும் இல்லை. தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அது வீண் அலைச்சல். அவள் தலையில் ஒரு கோளாறும் கிடையாது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் உங்களோடு தனியாகப் பேச வேண்டும் என்றேன்.

என் பெயர் வைத்திலிங்கம். கடைகளில் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற சர்க்கார் உத்தியோகம். புதுச்சேரியில் நான் நுழையாத மளிகைக் கடை இல்லை, என்னைப் பார்த்து மனதாரச் சிரித்த மளிகைக்காரரும் இல்லை. ரஞ்சிதம் பிள்ளைச்சாவடிப் பெண். அவர்கள் வீட்டில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் மீன் விற்பார்கள். நான் பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேள்விப்பட்டதும் என் மாமியார் செல்வாம்பாள் முதல் காரியமாகத் தன் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாராம். ரஞ்சிதமே இதைக் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நல்ல சிரிப்பு அவளுக்கு. வாயை மூடிக்கொண்டு சிரிக்கத் தெரியாது.

எங்கள் மகன் விக்ரம் புனேவுக்கு வேலைக்குப் போன பிறகு கருவடிக்குப்பம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்போதுதான் ரஞ்சிதம் கூடத்தில் தொட்டி வைத்தாள். அவள் தம்பி அம்மாவாசை ஒருநாள் வலையைப் போட்டுவிட்டு வந்தவன், தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். "இன்னாக்கா இது, கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. இதுக்குப் போயி லைட்டெல்லாம் போட்டு வளக்கிற" என்றான். உள்ளே மேய்ந்துகொண்டிருந்த சிவப்பு இறால் குஞ்சுகளைக் காட்டி, இது ஒரு பல்லுக்குக் காணுமா என்று கேட்டான். மீனைக் கொன்று வயிறு வளர்த்த குடும்பத்தில் மீனை உயிரோடு வைத்திருக்கிற முதல் ஆள் தான்தான் என்று ரஞ்சிதம் பெருமையாகச் சொன்னாள்.

இந்தத் தொட்டி எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது. செடிக்கு வெளிச்சம் வேண்டும், கார்பன் டை ஆக்சைடு காற்று வேண்டும். வெளிச்சம் விளக்கில் இருந்து வரும். அந்தக் காற்றை சிலிண்டரில் வாங்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர், அதன் தலையில் ஊசி முனை போல நுணுக்கமாகத் திருகுகிற ஒரு வால்வு. திருகுகிற அளவுக்கு ஏற்றபடி காற்று குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் போகும். குறைந்தால் செடி வாடிப் பாசி பிடிக்கும். கூடினால் மீனுக்கு மூச்சு முட்டும். நடுவில் கொஞ்சூண்டு இடம் இருக்கிறது, இரண்டு தரப்பும் சந்தோஷமாக இருக்கிற இடம். அங்கே கொண்டுவந்து நிறுத்துவதுதான் வேலையே.

அது சரியான இடத்தில் நிற்கிறதா என்று காட்டுவதற்குத் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குமிழைத் தொங்கவிடுவார்கள். கடையில் அதை டிராப் செக்கர் என்பார்கள். பார்ப்பதற்குக் காதில் ஆடுகிற ஜிமிக்கி மாதிரி இருக்கும். ரஞ்சிதம் அதற்கு ஜிமிக்கி என்றே பேர் வைத்துவிட்டாள். அதற்குள் கொஞ்சம் தண்ணீரும் சில சொட்டுச் சாயமும் இருக்கும். தொட்டியில் காற்று குறைவு என்றால் அது நீலமாக இருக்கும். அளவாக இருந்தால் பச்சை. அதிகமாகிவிட்டால் மஞ்சள். குழந்தைக்கும் புரியும்.

ஆனால் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம் இருக்கிறது பாருங்கள், அதில்தான் ரஞ்சிதம் ஆரம்பத்தில் தவித்துப் போனாள். நான் ஆபீஸ் விட்டு வந்து வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே இருந்து குரல் வரும். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன். பச்சையா நீலமா?" நான் பையை வைத்துவிட்டுப் போய் இந்தப் பக்கம் குனிந்து பார்ப்பேன், அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பேன், பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்ப்பேன். அவள் தோள் என் தோளில் இடிக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இன்னும் கொஞ்சம் நீலம்தான், ஒரு மயிரிழை திற என்பேன். திறப்பாள். என் உத்தியோகத்தில் எத்தனையோ பேர் என் தீர்ப்புக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள், எல்லோரும் உள்ளுக்குள் திட்டிக்கொண்டு நின்றவர்கள். இவள் ஒருத்திதான் நம்பி நின்றாள். அந்த நாட்களைப் போல எனக்கு எதுவும் இனித்ததில்லை, டாக்டர்.

அப்புறம் அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொள்ளத்தானே செய்வார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒருநாள் நான் வந்தபோது அவள் கூப்பிடவில்லை. நானே போய்த் தொட்டிக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தேன். "காலையிலேயே பாத்துட்டேங்க, பச்சைதான். காபி பிளாஸ்க்ல இருக்குது" என்று மாடியில் துணி காயவைத்தபடியே சொன்னாள். பிளாஸ்க் காபியைக் குடித்தேன். சூடாகத்தான் இருந்தது.

அவளுக்கு மீன் விற்கிற பிரேம்குமார், தன் கடைக்கு வந்து செடி அழுகுகிறது, மீன் சாகிறது என்று புலம்புகிறவர்களை எல்லாம் எங்கள் வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தான். லாஸ்பேட்டை காலேஜ் பையன்கள், பேங்க் அதிகாரிகள், ஒரு பல் டாக்டர்கூட வந்தார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து என் மனைவியிடம் பாடம் கேட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, சார் நீங்களும் மீன் வளர்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, நான் அவர்கள் வீட்டில் குடியிருக்கிறேன் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு சக்கரபாணி வந்தார். கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை வாங்கி விடுதியாக்கியவர். அவருடைய வரவேற்பறையில் ஆறடி நீளத்தில் ஒரு தொட்டி வைத்து, அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை ரஞ்சிதத்திடம் கொடுத்தார். அவள் அதற்காகவே ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தொட்டியில் செடி நட்டு முடித்த அன்று, அங்கே தங்கியிருந்த ஒரு பிரெஞ்சு அம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு 'த்ரே ஜோலி' என்றாளாம். ரொம்ப அழகு என்று அர்த்தமாம். அன்று முழுக்க எங்கள் வீட்டில் தோசைக்கும் த்ரே ஜோலி, துவைத்த வேட்டிக்கும் த்ரே ஜோலி. வேட்டி கட்டியிருந்தவனுக்கு மட்டும்தான் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.

அந்த வாரமே இன்னொன்றும் சொன்னாள். சக்கரபாணி கொடைக்கானலில் ஒரு விடுதி கட்டுகிறார், அங்கே பெரிய தொட்டி வரப்போகிறது, அவள் போய் ஒரு மாதம் தங்கி அதை உண்டாக்கித் தர வேண்டும். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு மாதத்துக்கு என்னென்ன பொடி அரைத்து வைக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். என்னிடம் கேட்கவில்லை, டாக்டர். சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்காமல் ஒரு காரியத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் மலர்ச்சியாக இருந்தாள். நானும் போய்வா என்று சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் படிக்கல் ஞாபகம் வந்தது.

என் தொழிலில் ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிடும். கடைக்காரர்களில் அவசரக்காரன் தராசில் கை வைப்பான், உடனே மாட்டிக்கொள்வான். நிதானமானவன் படிக்கல்லைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கிற ஈயத்தைச் சுரண்டுவான். தராசைச் சந்தேகப்படாத ஆள் கிடையாது. கல்லைச் சந்தேகப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

ஜிமிக்கிக்கும் ஒரு படிக்கல் இருக்கிறது. அதற்குள் ஊற்றுகிற தண்ணீர். அது சாதாரணத் தண்ணீர் இல்லை, எவ்வளவு உப்பு இருக்க வேண்டும் என்று அளந்து தயாரித்தது. சின்ன பாட்டிலில் பிரேம்குமார் விற்கிறான். அந்தத் தண்ணீரை நம்பித்தான் நிறம் உண்மை பேசும். புதிதாக வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு தப்பு செய்வார்கள். பாட்டில் தீர்ந்ததும் வீட்டுக் குழாய்த் தண்ணீரையே ஜிமிக்கியில் ஊற்றிவிடுவார்கள். வருகிறவர்களிடம் எல்லாம் ரஞ்சிதம் இதைத்தான் விரலை ஆட்டி ஆட்டி எச்சரிப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகியிருந்தது.

எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அவள் காய் வாங்கப் போன நேரத்தில், அவளுடைய பாட்டிலில் இருந்த நல்ல தண்ணீரை ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, அதில் போர் தண்ணீரை நிரப்பினேன். நல்ல தண்ணீரைக் கொட்டவில்லை. நான் எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை.

அந்தக் கடினமான தண்ணீர் என்ன செய்யும் என்றால், நிறத்தை லேசில் மாறவிடாது. தொட்டியில் காற்று அளவாக இருக்கும்போதும் ஜிமிக்கி நீலமாகவே நிற்கும். அது பச்சையாகிற நேரத்தில் தொட்டியில் காற்று எப்போதோ எல்லை தாண்டியிருக்கும். ரஞ்சிதம் வழக்கம்போல ஜிமிக்கியைக் கழுவிப் புதுத் தண்ணீர் மாற்றினாள். நீலம். வால்வைக் கொஞ்சம் திறந்தாள். மறுநாளும் நீலம். இன்னும் கொஞ்சம் திறந்தாள். திறந்தது அவள் கைதான். என் கை இன்றுவரை அந்த வால்வின் மேல் பட்டதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

இறால் குஞ்சுகள்தான் முதலில் போயின. அப்புறம் நீலமும் சிவப்புமாக மின்னுகிற அந்தச் சின்ன டெட்ரா மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அது மூச்சு முட்டுகிற அடையாளம். ரஞ்சிதத்துக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ஜிமிக்கியைப் பார்த்தால் அழகான பச்சை. மீன் ஒன்று சொல்கிறது, ஜிமிக்கி ஒன்று சொல்கிறது. அனுபவம் இல்லாதவளாக இருந்தால் மீனை நம்பியிருப்பாள். இவள் கற்றவள், அதனால் ஜிமிக்கியை நம்பினாள்.

அன்று மாலை நான் வண்டியை நிறுத்தும்போது அந்தக் குரல் வந்தது. "ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்." செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

செத்த மீன்களை நாங்கள் இரண்டு பேருமாகப் போய்க் கருவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்தோம். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவள் குளிக்கப் போனபோது ஜிமிக்கியில் நல்ல தண்ணீரை மாற்றிவைத்தேன். மஞ்சளானது. மஞ்சளாகத் தெரிகிறதே என்று நான்தான் காட்டினேன். அவள் திகைத்துப் போய் வால்வைக் குறைத்தாள். இரண்டு நாளில் மிச்ச மீன்கள் துள்ளி விளையாடின. "நீங்க பாத்தாதான் சரியாவுது" என்று சொன்னாள். நீங்கள் கல்யாணமானவரா, டாக்டர்? அப்படியானால் அந்த வாக்கியத்தின் ருசி உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. அவளுக்குத் தைரியம் கூடும்போது பாட்டிலில் போர் தண்ணீர். ரொம்பப் பயந்துவிட்டால் நல்ல தண்ணீர். ஒருமுறை பிரேம்குமார் சொன்னான் என்று புது பாட்டில் வாங்கிவந்தாள். நல்ல யோசனைதான். அதைக் கொஞ்ச நாள் நிம்மதியாகப் பயன்படுத்தவிட்டு, பிறகு அதையும் மாற்றினேன். என் இருமல் மருந்து பாட்டில் எப்போதும் நிறைந்தே இருந்தது. எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் மனம் முழுக்கத் தெளிந்திருந்தால் என்னைத் தேட மாட்டாள். ஒரேயடியாகக் கலங்கினால் தொட்டியையே தூக்கிப் போட்டுவிடுவாள். நடுவில் ஒரு சின்ன இடம் இருந்தது. நான் அதைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்தினேன்.

அதுவரை தண்ணீரோடு போயிற்று. பிறகு கொஞ்சம் வாயையும் சேர்த்துக்கொண்டேன். ஒருநாள் மீன்கள் திணறியபோது அவள், வால்வை நான் இவ்வளவு திறக்கவே இல்லையே என்றாள். உண்மையில் அவள்தான் நாலைந்து தடவையாகச் சிறுகச் சிறுகத் திறந்திருந்தாள். ஆனால் நான், நேற்று ஒரே திருகாகத் திருகினாயே, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்று சொல்லிவைத்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. வராது, நடக்காதது எப்படி ஞாபகம் வரும்? நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த நாள்தான், டாக்டர். அன்றுதான் ஆரம்பித்தது.

கண்ணில் கோளாறோ என்று அவளே போய்க் கண் பரிசோதனை செய்துகொண்டாள். நிறப் புள்ளிகள் போட்ட அட்டைகளைக் காட்டினார்களாம், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாளாம். வாயெல்லாம் பல்லாக வந்தாள். "கண்ணு ஜோரா இருக்குதாங்க" என்றாள். ரொம்ப சந்தோஷம், அப்படியானால் கோளாறு கண்ணில் இல்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, கேட்டுக்கொண்டாலே போதும்.

கொடைக்கானல் போகிற வாரம் வந்தது. போவதற்கு முன் சக்கரபாணியின் தொட்டியைக் கழுவி எல்லாம் புதிதாக மாற்றிவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று, வீட்டில் இருந்த பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அது அப்போது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். கேட் வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டு வந்தேன். அந்தக் கடற்கரை விடுதியில் ஜிமிக்கி நீலமாக இருக்கிறதே என்று தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. விடுதியில் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மீன்கள் மொத்தமும் மேலே வந்து வாயைப் பிளந்தனவாம். அவை பசியில் கேட்கின்றன என்று நினைத்து ஒரு பிரெஞ்சுக்காரர் ரொட்டியைப் பிய்த்துப் போட்டிருக்கிறார். அவர் இரண்டாவது ரொட்டியைப் பிய்ப்பதற்குள் மீன்கள் மல்லாந்துவிட்டன. நான் போனபோது ரஞ்சிதம் தொட்டியின் கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். சக்கரபாணி அந்தப் பக்கம் தன் ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பச்சையாதாங்க இருக்குது" என்றாள் என்னைப் பார்த்ததும். "நல்லாப் பாருங்க. எனக்குப் பச்சையாதான் தெரியுது."

குனிந்து பார்த்தேன். பச்சைதான். வாழையிலைக் குருத்து மாதிரி அவ்வளவு நல்ல பச்சை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தோளுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு நின்றுபோயிருந்தது.

"மஞ்சளா இருக்குதேம்மா" என்றேன்.

அவள் மறுபடி ஜிமிக்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்கு அப்புறம் ஜிமிக்கியைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் ஒரு பக்கம், சொந்தக் கண் ஒரு பக்கம் என்று வந்தபோது அவள் என்னைத்தான் எடுத்துக்கொண்டாள். இதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை, டாக்டர். சக்கரபாணி இந்தப் பக்கம் வருவதற்குள் ஜிமிக்கியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பை நனைந்து கறையாகிவிட்டது. மறுநாள் அவளேதான் அந்தச் சட்டையைத் தேய்த்துத் துவைத்தாள்.

கொடைக்கானல் நின்றுபோயிற்று. சக்கரபாணி நல்ல மனிதர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று மட்டும்தான் சொன்னார். ரஞ்சிதம் ஸ்கூட்டர் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் வாழ்க்கையிலேயே அருமையான மாதங்கள். குழம்பில் உப்புப் போட்டேனா என்று கேட்பாள். அடுப்பை அணைத்தேனா என்று கேட்பாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமையா என்று கேட்பாள். சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போவேன், என் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் கை பிடித்ததில்லை, ஊர் என்ன சொல்லும் என்று கூச்சப்படுவாள். ஓரிரு தடவை அவள் அணைத்துவைத்த அடுப்பை நான் மறுபடி ஏற்றியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டுதான் ஏற்றினேன், ஆபத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

பிறகு சங்கவி வந்து தங்கினாள். லாஸ்பேட்டையில் இருக்கிறாள், கொஞ்சம் அவசரப் புத்தி. தண்ணீர் குடிக்கட்டுமா என்று அக்கா என்னைக் கேட்டதைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். "மாமா, இது சாதாரண மறதி இல்ல. நான் டாக்டராண்ட இட்டுனு போறேன்" என்றாள். அப்படித்தான் உங்களிடம் வந்தோம். நீங்கள் மாத்திரை கொடுத்தீர்கள். நீங்கள் கேட்டதற்கெல்லாம் அவளே ஆமாம், ஆமாம் என்றாள். நானும் பக்கத்தில் இருந்து ஆமாம் என்றேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் அந்த மாத்திரை கொஞ்சம் கூடிப்போயிற்று, டாக்டர். அதைச் சொல்லத்தான் வந்தேன். அவள் பாதி நாள் தூங்குகிறாள். விழித்திருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வண்டியை நிறுத்தினால் உள்ளே இருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. வீட்டுத் தொட்டி இப்போது பிரமாதமாக இருக்கிறது. நல்ல தண்ணீரைத்தான் ஊற்றிவைத்திருக்கிறேன், செடியெல்லாம் மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் நானே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, இது பச்சையா நீலமா சொல்லு என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "தெரியல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அன்று நான் அழுதேன். பொய் சொல்லவில்லை, உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைக் கேட்காவிட்டால் இவ்வளவும் செய்தது எதற்கு?

இப்போது சங்கவி, அக்காவைத் தன்னோடு லாஸ்பேட்டைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறாள். நீங்களும் இடமாற்றம் நல்லதுதான் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது சரிப்படாது. அங்கே போனால் அவள் ஒரு மாதத்தில் பழைய ரஞ்சிதமாகிவிடுவாள். மறுபடி ஸ்கூட்டர், கொடைக்கானல், த்ரே ஜோலி. இத்தனை பாடுபட்டு ஓர் அளவுக்குக் கொண்டுவந்ததெல்லாம் வீண். உங்களுக்கு என் மேல் கோபம் வரலாம், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். உள்ளதை உள்ளபடி சொன்னேன், ஏனென்றால் நீங்களும் அளந்து கொடுக்கிற தொழில்தான் செய்கிறீர்கள், உங்களுக்குப் புரியும். எந்தக் கணவன் தன் மனைவியை இவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பான், சொல்லுங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். ஸ்கேன் வேண்டாம், லாஸ்பேட்டை வேண்டாம். மாத்திரையைப் பாதியாகக் குறையுங்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்கிற அளவுக்கு அவள் தெளிந்தால் போதும். அதற்கு மேல் தெளியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.